அடுத்த வீட்டுக்காரரின் பெயரும் விலாசமும்

மோட்டார் பாலிசியின் பின்பக்கத்தில், எவரும் படித்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் நிபந்தனைகளில் இரண்டாவது, தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல், காப்பீடு செய்தவரோ அவர் சார்பில் வேறு எவருமோ தவற்றை ஒப்புக்கொள்ளவோ, இழப்பீடு தருவதாக வாக்களிக்கவோ கூடாது. பொருள் எளிது. இடித்தவர் "என் தப்புதான்" என்று வாய்விடக் கூடாது. விட்டால் நாளைக்கு அந்த வாக்கியம் நீதிமன்றத்தில் வந்து நிறுவனத்தைப் பார்த்துப் பல்லிளிக்கும்.

நல்ல விதிதான். என் வேலைக்காலம் முழுவதும் அதற்காக வாதாடியிருக்கிறேன். அந்த விதியின் தொடக்கத்திலேயே கிடந்த நான்கு சொற்களை மட்டும் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்புவரை நான் சரியாகப் படிக்கவில்லை.

இதை எழுதக் காரணம் அஞ்சலி. நான் வேலை பார்த்த திருவனந்தபுரம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இப்போது வாகனப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண். போன மாதம் உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழைக் கொடுக்க அங்கே போயிருந்தேன். வாடிக்கையாளர் வரும் வரிசையில் ஒரு நாற்காலிகூட நிரம்பவில்லை. இடித்தவர்கள் செயலியைத் திறந்து, படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எங்கோ ஒருவர் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறார்.

"சாரே, சின்ன இடியானா டிரைவர் என்ன செய்யணும்னு ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்க" என்றாள் அஞ்சலி. "நாங்க எழுதினா நோட்டீஸ் மாதிரி வருது. யாரும் வாசிக்க மாட்டாங்க."

"நான் எழுதினா வளவளன்னு வருமே."

"அது தெரிஞ்ச விஷயம்தானே சாரே. ஆனா வாசிப்பாங்க."

என்னைப் பற்றிய பணி மதிப்பீடுகளில் இதைவிட நேர்மையான ஒன்றை நான் கண்டதில்லை. எழுதுகிறேன்.

பயிற்சி என்று மூன்று மாதம் சென்னையில் உட்கார்த்தி வைத்தார்கள். பம்பர், ஃபெண்டர், சேஸிஸ் என்று உறுப்புகளின் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். புதுக் கீறலையும் பழைய துருவையும் விரலால் தடவிப் பார்த்தே பிரிக்கக் கற்றுக்கொண்டேன். மனிதர்களைப் பற்றி ஒரு வகுப்பும் இல்லை. அதைத் திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை சொல்லிக் கொடுத்தது.

எங்கள் ஊரில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் முதல் விதி, வண்டியை அசைக்கக் கூடாது. எந்தச் சட்டத்திலும் இல்லாத விதி இது. ஆனால் இதை மட்டும் எல்லோரும் மதிக்கிறார்கள். கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு முன்னால், காலை ஒன்பதே முக்காலுக்கு, வெள்ளைக் காரின் மூக்கு சிவப்புக் காரின் முதுகில் சாய்ந்து நின்றதை என் வேலையின் முதல் வருடத்திலேயே பார்த்தேன். ஓட்டியவர்கள் இருவரும் இடுப்பில் கை வைத்து, கல்யாணப் பந்தலில் தாம்பூலத்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். பின்னால் ஏழு பஸ்கள். நடுவில் பூக்கடைக்காரர் ஒருவர் இரண்டு தரப்பையும் விசாரித்துத் தீர்ப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். முதல் பஸ்ஸின் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, அந்தப் பெயிண்டுக்குப் பதினாறாம் நாள் காரியமும் இங்கேயே வச்சுத்தான் நடத்துவீங்களோ?"

கூட்டம் சிரித்தது. வண்டிகள் அப்போதும் அசையவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிறுத்துங்கள், ஓடிப்போகாதீர்கள். நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும் பொத்தானை அமுக்குங்கள். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள்: இரண்டு வண்டியிலும் யாருக்காவது அடியா என்று கேளுங்கள். அடிபட்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் நூற்று முப்பத்து நான்காம் பிரிவு உங்களைத்தான் கூப்பிடுகிறது. முதலில் மருத்துவம், பிறகு போலீஸ், அதுவும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். அடியில்லை என்றால் நான்கு படம் எடுத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள். எதிராளியின் பெயர், விலாசம், போன் எண், வண்டி எண், பாலிசி விவரம் வாங்குங்கள், உங்களுடையதைக் கொடுங்கள். இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் விபத்தைப் பதிந்து வாங்கும் நகலை இங்கே ஜி.டி. என்ட்ரி என்பார்கள், அலுவலகம் கேட்டால் வாங்கிவிடுங்கள். கேரளத்தில் அந்தத் தாள் இல்லாமல் ஒரு பம்பரும் அமைதி அடையாது.

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வித்துராவில் ஒரு முறை, பொன்முடிக்குப் போகும் வழியில் ஒரு ஜீப்பும் ஒரு காரும் உரசிக்கொண்டன. காரில் இருந்தது ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். "படம் எடுத்தீங்களா?" என்று போனில் கேட்டேன். "எடுத்தோம் சாரே, நல்லாத் தெளிவா இருக்கு" என்றார்கள். படம் வந்தது. மாமா, மாமி, பட்டுப்பாவாடைகள், டீக்கடைக்காரர், ஜீப் ஓட்டுநர் என்று ஒன்பது பேர் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய கதவு மாமாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நம்பர் பலகை மாமியின் புடவைக்குப் பின்னால். அந்தக் கோப்பு முடியும்வரை மாமாவின் படத்தைத்தான் நான் சேதத்துக்குச் சான்றாக வைத்திருந்தேன்.

இந்த மாதிரி சான்றுகளையெல்லாம் ஒருவர் ஒழுங்காகப் படித்தார் என்றால் அது எங்கள் கோட்ட மேலாளர் ஏலியாம்மா மேடம்தான். கோட்டயத்துக்காரர். நாகர்கோவிலில் எட்டு வருடம் இருந்ததால் எங்கள் நாஞ்சில் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவார். எந்தக் கோப்போடு போனாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எங்க எழுதியிருக்கு?" எழுதியிருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்குவரை கொண்டுபோய், உதடு அசையப் படிப்பார். பிறகு ஒரு முனை சிவப்பும் ஒரு முனை நீலமுமான பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்குவார். நீல முனையைச் சீவினால் சம்மதம். சிவப்பு முனையைச் சீவினால் தாளை எடுத்துக்கொண்டு நாமே வெளியே வந்துவிடலாம். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. பென்சில் போதுமானதாக இருந்தது.

இனி வெங்கிட்டு கேஸ்.

வெங்கிடாசலம் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஸ்ரீவராகத்தில், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர் என்று கட்டிய அக்ரஹார வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார். அங்கே வீட்டை 'ஆம்' என்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மகாதேவன், ஒரு தணிக்கை அலுவலகத்தில் மூத்த தணிக்கையாளர். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. இருபது வருடமாக ஷட்டில் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவர் சுவரைத் தட்டுவார், மற்றவர் திரும்பத் தட்டுவார், இரண்டு கதவும் சேர்ந்து திறக்கும். சிறு பெயர்கள் வெங்கிட்டு, மாது. தெருவில் அவர்களைத் தனித்தனியாக யாரும் சொல்வதில்லை.

வெங்கிட்டு ஒவ்வொரு வருடமும் பாலிசியைப் புதுப்பிக்க நேரிலேயே வருவார். வந்தால் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, "சார், ஒரு வேளை இடிச்சுட்டா என்ன பண்ணணும்?" என்று கேட்டு, நான் சொன்னதை டைரியில் எண் போட்டு எழுதிக்கொள்வார். கேட்பவரைக் கண்டால் எனக்கும் உற்சாகம் பிறந்துவிடும். ஒன்பது எண்கள் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெங்கிட்டு காரைப் பின்னால் எடுக்கும்போது, நிறுத்தி வைத்திருந்த மகாதேவனின் புதுக் காரில் இடித்துவிட்டார். வேகம் ஒன்றுமில்லை. இடது பக்கக் கதவில் ஒரு தாம்பாளம் அளவுக்குக் குழி. அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு மகாதேவன் தோளில் துண்டோடு வெளியே வந்தார். வெங்கிட்டு இறங்கினார். டைரியைத் திறந்தார். முதல் எண்: நான்கு விளக்கையும் மினுக்க விட்டார், தெருவில் பால் பாக்கெட் போடுகிற பெண்மணியைத் தவிர ஆள் இல்லை. இரண்டாவது: வண்டிக்குப் பின்னால் சிவப்பு முக்கோணத்தை நிறுத்தினார். மூன்றாவது: நான்கு பக்கமும் நின்று படம் எடுத்தார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"யாருக்காவது அடியா?" என்றேன்.

"இல்லை சார். ஆனா..."

"ரொம்ப நல்லது. இப்ப கவனமாக் கேளுங்க. 'என் தப்பு'ன்னு வாயால சொல்லாதீங்க, எழுதியும் கொடுக்காதீங்க. மன்னிப்பு, சமாதானம் ஒண்ணும் வேண்டாம். எதிராளி விவரத்தை மட்டும் வாங்கிக்கிடுங்க."

எதிராளி யார் என்று நான் கேட்கவில்லை. என் ஒன்பது எண்களில் அந்தக் கேள்வி இல்லை.

வெங்கிட்டு போனை வைத்தார். இரண்டடி தூரத்தில் நின்ற மகாதேவனைப் பார்த்து, டைரியைப் பார்த்து, நாலாவது எண்ணை வாசித்தார்: "உங்க பேரு? விலாசம்?"

இதை எனக்குப் பின்னால் சொன்னது மகாதேவன்தான். சொல்லும்போதும் அவர் முகம் சிவந்தது.

"முதல்ல விளையாடறான்னு நெனச்சேன், சார். முகத்தைப் பார்த்தா அப்படி இல்லை. நானும் குடுத்தேன். இனிஷியலை விரிச்சு, தாத்தா பேரு, அப்பா பேரு, என் பேரு. வீட்டு நம்பர், தெரு, பின்கோடு. வாங்கி எழுதிண்டான். அப்புறம் பாலிசி நம்பர் கேட்டான். ஒரு வார்த்தை 'அடடா, பட்டுடுத்தேடா மாது'ன்னு சொல்லியிருந்தா நான் துண்டாலே துடைச்சுட்டு உள்ளே காப்பி சாப்பிடப் போயிருப்பேன். அவன் மிண்டவே இல்லை!"

மிண்டுவது என்றால் வாய் திறப்பது. திருவனந்தபுரத்துத் தமிழில் கோபம் வந்தால் மலையாளம் முன்னால் வந்து நிற்கும்.

மறுநாள் ஐந்தரைக்குச் சுவர் தட்டப்படவில்லை. மகாதேவன் ஷட்டில் கோர்ட்டில் ஒரு பாங்குக்காரரோடு ஜோடி சேர்ந்தார். இழப்பீடு கேட்கவில்லை, தன் பாலிசியிலும் கேட்கவில்லை, கதவை ரிப்பேரும் செய்யவில்லை. தணிக்கையாளர் ஆதாரத்தை அழிப்பாரா? தினமும் அலுவலகம் விட்டு வந்ததும், குழி விழுந்த பக்கம் வெங்கிட்டு வீட்டு வாசலைப் பார்க்கிற மாதிரி காரை நிறுத்தினார். அதற்காக இரண்டு முறை முன்னும் பின்னும் எடுப்பாராம்.

வெங்கிட்டு வாரம் ஒரு முறை என் மேஜைக்கு வந்தார்.

"சார், இப்பவாவது சொல்லலாமா?"

"கோப்பு நிலுவையில இருக்கு. அவரு கோர்ட்டுக்குப் போக இன்னும் நாள் இருக்கு."

"மாது கோர்ட்டுக்கெல்லாம் போக மாட்டான் சார். ஷட்டில் கோர்ட்டுக்குத்தான் போறான். அதுவும் அந்தப் பாங்குக்காரனோட. அவனுக்கு பேக்ஹேண்டே கிடையாது."

எலும்பு முறிவு, உயிரிழப்பு எல்லாம் பார்த்த மேஜை என்னுடையது. ஆனால் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து அடுத்தவரின் பேக்ஹேண்டுக்காகக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப அந்த மனுசன் வாயைக் கெட்டிப் போட்டது நீங்கதானா?"

"விதி அப்படி."

"மன்னிப்பு கேக்கதுக்கு உங்க ஆபீசுல அனுமதி வாங்கணும்னா, நீங்கதான் வாங்கிக் குடுக்கணும். வெறும் சோத்தை எதுக்குப் பிசையுதீங்க?"

மறுநாள் பாலிசியைத் திருப்பி, நூற்றுக்கணக்கான தடவை ஒப்பித்த அந்த இரண்டாவது நிபந்தனையை ஏலியாம்மா மேடம் மாதிரி மூக்கருகில் வைத்துப் படித்தேன். 'எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல்.' அப்படியென்றால் சம்மதத்தோடு சொல்லலாம். வருடக்கணக்காக மூடிய கதவு என்று நான் காவல் காத்ததில் தாழ்ப்பாளே உள்பக்கம் எங்களிடம்தான் இருந்திருக்கிறது.

ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். பொருள்: காப்பீடு செய்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் வருத்தம் தெரிவிக்க நிறுவனத்தின் சம்மதம் வழங்குவது பற்றி.

"எங்க எழுதியிருக்கு?"

காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார். படித்தார். பென்சிலை எடுத்து, எந்த முனையையும் சீவாமல் நடுவில் பிடித்துக்கொண்டு யோசித்தார். அதற்கு முன்னால் அப்படி நடந்ததில்லை.

"இதுக்கு முன்னே யாராவது கேட்டிருக்காங்களா?"

"இல்லை மேடம்."

"அப்போ மேலே அனுப்பணும்."

மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அங்கிருந்து சம்மதம் வரவில்லை, கேள்விகள் வந்தன. வருத்தம் வாய்மொழியா, எழுத்தா? எந்த மொழியில்? சாட்சிகள் இருப்பார்களா? வாசகத்தின் வரைவை இணைக்கவும்.

வெங்கிட்டுவை அழைத்து வரைவு எழுதித் தரச் சொன்னேன். கணக்கு வாத்தியார்; மூன்று பக்கத்தில், படிப்படியாக எழுதிக்கொண்டு வந்தார். மேடம் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து, சிவப்பு முனையை நன்றாகச் சீவிக்கொண்டார்.

"'கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் எடுத்தேன்.' இது ஒப்புதல். போகட்டும்." ஒரு கோடு. "'கதவுக்கு ஆகும் செலவு என்னுடையது.' இது வாக்குறுதி. போகட்டும்." இன்னொரு கோடு. "'பிரேக்கில் கால் சற்றுத் தாமதமாகவே...' அய்யோ, சாரே, இது முழுசும் போகட்டும்."

இரண்டு பக்கம் சிவப்பாயிற்று. வெங்கிட்டு, பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்த பையன் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தின் கடைசியில் பென்சில் நின்றது. மேடம் உதடு அசையப் படித்தார். மறுபடி படித்தார்.

"'மாது, இருபது வருஷமா சுவரைத் தட்டிக் கூப்பிட்ட உன்கிட்ட, பேரும் விலாசமும் கேட்டேன். அதுக்கு என்னை மன்னிச்சுடு.'"

பென்சிலை மேஜையில் வைத்தார்.

"இதுக்கு எதுக்கு நம்ம சம்மதம்?" என்றார் மேடம். "கதவு பத்தி ஒரு வார்த்தையும் இல்லை. பேர் கேட்டதுக்கு மன்னிப்பு கேக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு, சாரே?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. முதல் நாளே கேட்டிருக்கலாம். இத்தனை வாரமும் நாங்கள் கதவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். மகாதேவனும்கூட கதவென்றே நினைத்திருப்பார். மேடம் நீல முனையைச் சீவி, அந்த இரண்டு வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டார்.

"கையில கொண்டுபோய்க் குடுங்க, மாஷே" என்றார் வெங்கிட்டு வாத்தியாரிடம்.

வெங்கிட்டு கையில் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தால் மறுபடி டைரியைத்தான் திறப்பேன் என்று பயந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய கடிதத்தை, கிழக்கேகோட்டைக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஒப்புகைச் சீட்டோடு. நகல் எனக்கு.

ஒப்புகைச் சீட்டு நான்காம் நாள் வந்தது, முழுக் கையெழுத்தோடு. பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரம் வெங்கிட்டு என் மேஜைக்கு வரவில்லை, போனில் கேட்டேன். "கார் அதே பக்கம்தான் நிக்கறது சார்" என்றார். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஒன்பது எண்களையும் அன்று மாலை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நாலாவதில், 'பெயர், விலாசம் கேட்கவும்' என்பதற்குப் பக்கத்தில், 'தெரியாதவராக இருந்தால்' என்று சேர்த்தேன். அஞ்சலி, உன் நோட்டீஸில் மறக்காமல் அதைப் போடு. ஒன்றாவது எண்ணாகவும் ஒன்றைச் சேர்த்துக்கொள்: போனை எடுப்பதற்கு முன்னால் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கவும். "அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்பதை எந்தப் பாலிசியும் தடுக்கவில்லை. எங்கும் எழுதியிருக்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

மண்டல அலுவலகம் கேட்டதற்காக அந்த வரைவையும் அனுப்பி வைத்தோம்; அதற்கு நான் ஓய்வு பெறும்வரை பதில் இல்லை. இன்றைக்கும் அது பரிசீலனையில்தான் இருக்கும்.

மூன்றாவது வாரம் காலைத் தபாலில் ஒரு சாதாரண கார்டு வந்தது. வெங்கிட்டு பெயருக்கு எழுதி, அடியில் 'நகல்: இன்சூரன்ஸ் ஆபீஸ், தகவலுக்காக' என்று குறித்திருந்தது. தணிக்கைக் குறிப்புக்குப் பதில் எழுதுகிற அதே வரிசையில், அதே அழகான கையெழுத்தில்:

"தாங்கள் கேட்ட விவரங்கள் திருத்தி அனுப்பப்படுகின்றன. முன்பு கொடுத்ததை ரத்து செய்யவும்.
பெயர்: மாது.
விலாசம்: அடுத்த ஆம்.
போன்: சுவர்.
கதவு இன்று வொர்க்‌ஷாப்புக்குப் போகிறது. பாங்குக்காரருக்கு பேக்ஹேண்ட் இல்லை. இது கிடைத்த மறுநாள் ஐந்தரை."

மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார். எங்கே எழுதியிருக்கு என்று கேட்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து, தபால் வந்த தேதியைப் பதிக்கும் வரவு முத்திரையைத் தானே எடுத்து, மையில் ஒற்றி, கார்டின் மூலையில் அழுத்தினார்: டிசம்பர் மூன்று.